புதுச் சரக்கு வண்டிக்கு ஷோரூமில் விலை பேசுவது எப்படி?

சொந்தமாக ஒரு சரக்கு வண்டி எடுப்பது என்று முடிவு செய்து, முதல்முறையாக ஷோரூம் படி ஏறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டி, கையில் கொஞ்சம் சேர்த்து, மீதிக்குக் கடன் வாங்கி ஒரு குட்டி யானையோ தோஸ்த்தோ பிக்கப்போ எடுக்கிறவர்கள்தான் இதில் அதிகம். வாடகை பேசும்போது ஐம்பது ரூபாயைக்கூட விட்டுக்கொடுக்காத ஆள், ஷோரூமில் ‘இருபத்தஞ்சாயிரம் குறைச்சுட்டாங்க’ என்ற சந்தோஷத்தில் அதைவிடக் கூடுதலாக வேறு வழியில் கொடுத்துவிட்டு வருகிறார். அவருக்குப் பேரம் பேச நன்றாகவே தெரியும். எந்தெந்த எண்ணைப் பேச வேண்டும் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.

ஷோரூமில் இரண்டு விலை சொல்வார்கள். எக்ஸ்-ஷோரூம் விலை என்பது ஜிஎஸ்டி உட்பட வண்டிக்கு மட்டுமான விலை. ஆன்ரோடு விலை என்பது அதோடு இன்சூரன்ஸ், பதிவு, சாலை வரி, இன்னபிற எல்லாம் சேர்த்து, வண்டியை நீங்கள் ஓட்டிக்கொண்டு வெளியே வரும்போது ஆகியிருக்கும் மொத்தம். நம்மில் பலர் இந்தக் கடைசி மொத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ‘கொஞ்சம் பார்த்துப் போடுங்க’ என்று பேசுகிறோம். மொத்தத்தில் பேசினால், ஒரு செலவில் குறைத்ததை இன்னொரு செலவில் ஏற்றிவிடலாம். அதனால் ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகப் பேச வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

கார் விற்பனைக்கும் சரக்கு வண்டி விற்பனைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நன்றாக ஓடும் கார் மாடலுக்குத் தள்ளுபடி கிடைப்பது கஷ்டம். சரக்கு வண்டியில் தள்ளுபடி என்பது தொழிலின் வழக்கமே. ஒரே ஷோரூமில், ஒரே மாதத்தில், ஒரே மாடலை இரண்டு பேர் இரண்டு விலைக்கு எடுத்திருப்பார்கள். டீலருக்குக் கம்பெனி தரும் மார்ஜின் ஒன்று, அந்த மாதத்துக்கான ஸ்கீம் ஒன்று, இத்தனை வண்டி விற்றால் இவ்வளவு என்று டார்கெட்டுக்கான ஊக்கத்தொகை ஒன்று. உங்களுக்குத் தரும் தள்ளுபடி இந்த மூன்றிலிருந்தும் வருகிறது. அதனால் கேட்பதில் கூச்சப்பட எதுவுமே இல்லை. அங்கே உட்கார்ந்திருப்பவரும் நீங்கள் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் முதல் விலையைச் சொல்கிறார்.

ஒரு கொட்டேஷனைப் பிரித்துப் பார்ப்போம்

கணக்கு புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை. உங்கள் வண்டிக்கு எண்கள் மாறும், செலவுகளின் பெயர்கள் பெரும்பாலும் இதேபோல்தான் இருக்கும்.

எக்ஸ்-ஷோரூம் 6,20,000. இன்சூரன்ஸ் 42,000. பதிவும் வரியும் 21,000. ஹேண்ட்லிங் சார்ஜ் 7,500. ஆக்சசரீஸ் 14,500. நீட்டித்த வாரண்டி 11,000. ஆக மொத்தம் 7,16,000. தள்ளுபடி 25,000 போக, கட்ட வேண்டியது 6,91,000.

இப்போது ஒவ்வொன்றாக விசாரிக்கிறோம். அதே காப்பீட்டை வெளியே கேட்டால் 34,000 என்கிறார்கள். ஆர்டிஓ அலுவலகத்துக்கு உண்மையில் கட்டும் கட்டணமும் வரியும் 16,000தான், மீதி 5,000 ‘செலவு’. ஆக்சசரீஸ் என்று கொடுத்த சீட் கவர், மேட், மியூசிக் சிஸ்டம் எல்லாம் வெளியே கடையில் 6,000க்கு முடியும். ஹேண்ட்லிங் என்பதற்கு என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டால் தெளிவான பதில் வராது. கூட்டிப் பாருங்கள்: 8,000, 5,000, 8,500, 7,500. மொத்தம் 29,000. கொடுத்த தள்ளுபடி 25,000. வாரண்டியை இன்னும் தொடவே இல்லை.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ், ஃபெசிலிடேஷன் சார்ஜ் என்று பெயர் மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பெயரில் வந்தாலும், ‘இது எந்த அரசு ரசீதில் வரும்?’ என்று கேளுங்கள். எந்த ரசீதிலும் வராது என்றால் அதை எடுத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். நம்பர் பிளேட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டாலும் நிறுத்திக் கேளுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை வண்டி தயாரித்த கம்பெனியே அனுப்ப வேண்டும் என்பது விதி.

பெர்மிட் செலவு என்று ஒன்று கொட்டேஷனில் இருந்தால், வண்டியின் மொத்த எடையைப் பாருங்கள். சரக்கையும் சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவிலேயே பெர்மிட்டிலிருந்து விலக்கு இருக்கிறது. குட்டி யானை வகை வண்டிகள் இதற்குள் அடங்கிவிடும். அந்த வண்டிக்குப் பெர்மிட் என்று யாராவது பணம் வாங்கினால் அது வேறு எங்கோ போகிறது.

இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 7 லட்சமாக இருந்த வண்டி, வரியால் மட்டுமே கிட்டத்தட்ட 54,700 ரூபாய் இறங்கியிருக்க வேண்டும். யாராவது பழைய விலைப் பட்டியலைக் காட்டி, ‘பாருங்க, ஐம்பதாயிரம் குறைச்சுத் தர்றோம்’ என்றால், அது அவர் தரும் தள்ளுபடி ஆகாது. இப்போதைய விலையிலிருந்து எவ்வளவு குறைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

பத்து லட்சத்துக்கு மேல் போகும் வண்டியானால் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, என்று ஒரு சதவீதம் சேர்ப்பார்கள். இதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்தப் பணம் உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். பான் எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்சூரன்ஸ்

இதில் இரண்டு பகுதி. மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகை அரசு நிர்ணயிப்பது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அதே எடைப் பிரிவுக்கு அதே தொகைதான், அதில் பேச ஒன்றுமில்லை. உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி தள்ளுபடி மாறும். ஷோரூம் இன்சூரன்ஸில் அவர்களுக்குக் கமிஷன் உண்டு, அதனால் அங்கேயே எடுக்கச் சொல்வார்கள். ஆனால் அங்கேதான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை. வெளியிலிருந்து ஒரு கொட்டேஷன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், பெரும்பாலும் அவர்களே இறங்கி வருவார்கள். ஷோரூமிலேயே எடுத்தால் க்ளெய்ம் வேலை கொஞ்சம் சுலபமாக முடியும் என்பதும் உண்மை. ஆக, வெளி விலைக்கே ஷோரூமில் கிடைத்தால் அதுவே நல்லது.

ஒப்பிடும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது ஐடிவி, அதாவது வண்டி திருடு போனாலோ முழுக்கச் சேதமானாலோ கிடைக்கும் தொகை. புது வண்டிக்கு இது பட்டியல் விலையில் ஐந்து சதவீதம் கழித்து வர வேண்டும். ஐடிவியை இறக்கிப் போட்டால் பிரீமியம் குறைவாகத் தெரியும். விபத்து நடந்த அன்றுதான் அதன் விலை புரியும்.

இரண்டாவது, ஐஎம்டி 23. சரக்கு வண்டிகளுக்கான சாதாரண பாலிசியில் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பானெட், அடிபட்ட இடத்துப் பெயிண்ட் ஆகியவை சேராது. வண்டி லேசாக இடித்தால் முதலில் போவது இவைதான். இவற்றையும் சேர்ப்பதற்கான கூடுதல் பிரிவுதான் ஐஎம்டி 23. ஒரு கொட்டேஷன் மற்றதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், இந்த எண் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே சரக்கு இல்லை, விலையை ஒப்பிடுவதில் அர்த்தமும் இல்லை.

உங்கள் பெயரில் 15 லட்சத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால், அதற்கான தொகையை மறுபடி கட்ட வேண்டியதில்லை. இதைக் கேட்டால்தான் எடுப்பார்கள்.

கடன்தான் பெரிய ஓட்டை

ஷோரூமில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி வரும். “அண்ணா, மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி பண்ணிடலாம்.” அன்பாகக் கேட்பது போலத்தான் இருக்கும். கேட்டவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதும் வண்டி விலை பேச்சிலிருந்து மறைந்துவிடும். மாதம் 16,000 என்று நீங்கள் சொன்னால், எந்த விலைக்கும் அந்த 16,000ஐக் கொண்டுவரலாம். தவணை எண்ணிக்கையை நீட்டினால் போதும். “முதல்ல வண்டி விலையை முடிப்போம் தம்பி, டியூ அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிடுங்கள்.

கடனில் வட்டியைச் சொல்லும் விதமும் ஆளைக் குழப்பும். வண்டிக் கடனில் ஃப்ளாட் வட்டிக் கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 6 லட்சம் கடன், நான்கு வருடம், 7 சதவீதம் ஃப்ளாட் என்று வையுங்கள். வருடத்துக்கு 42,000 வீதம் வட்டி 1,68,000. அசலோடு சேர்த்து 7,68,000. அதை 48 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 16,000. ஏழு சதவீதம்தானே, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், வட்டியோ முதல்நாள் வாங்கிய முழு 6 லட்சத்துக்கும் கடைசிவரை போடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் கணக்கிட்டால் இதே கடன் கிட்டத்தட்ட 12.7 சதவீதம் ஆகிறது. ஒரு வங்கி 11 சதவீதம், குறையும் அசலுக்கு, என்று சொன்னால் அதுதான் மலிவு. காதில் விழும் எண்ணை வைத்து முடிவெடுத்தால் 7 சதவீதத்துக்குப் போய்விடுவோம்.

அதே கடனில் ஃப்ளாட் வட்டி அரை சதவீதம் ஏறினால் மாதத் தவணை 16,250 ஆகும். மாதம் 250 ரூபாய், கண்ணுக்கே தெரியாது. நான்கு வருடத்தில் அது 12,000. இரண்டு மணி நேரம் பேசி வாங்கிய தள்ளுபடியில் பாதி இப்படிப் போய்விடும். பைனான்ஸ் கம்பெனி, கடன் பிடித்துக் கொடுத்த ஷோரூமுக்கு ஒரு தொகை தருவது வழக்கம். அதனால்தான் ‘முழுப் பணமும் கையில் இருக்கிறது’ என்று சொல்கிறவருக்கு எல்லா ஷோரூமிலும் அதிக மரியாதை கிடைப்பதில்லை. கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால், அதை வண்டி விலை முடியும் வரை ஒரு பிடியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘உங்கள் பைனான்ஸிலேயே எடுக்கிறேன், விலையில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கலாம்.

2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு, ‘முக்கிய விவர அறிக்கை’ என்ற தாளைக் கடன் கொடுப்பவர் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் ஏபிஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும். வட்டி, செயலாக்கக் கட்டணம், மற்ற கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து உங்களுக்கு உண்மையில் விழும் வருடச் செலவு அதுதான். இரண்டு கடனை ஒப்பிட அந்த ஓர் எண் போதும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு ஏதாவது ஏற்றியிருக்கிறார்களா, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் அதே மூச்சில் பாருங்கள்.

பழைய வண்டியைக் கொடுத்து மாற்றுகிறீர்கள் என்றால், அதைப் பற்றி முதலிலேயே வாய் திறக்க வேண்டாம். வெளிச் சந்தையில் உங்கள் ஊர் புரோக்கர் இரண்டு பேரிடம் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புது வண்டி விலை முடிந்த பிறகு பழையதை எடுத்துப் பேசுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், பழையதுக்கு இருபதாயிரம் கூட்டியது போலக் காட்டி, புதியதில் கொடுக்க வேண்டிய இருபதாயிரத்தை நிறுத்திக்கொள்வார்கள்.

எப்போது போவது?

மாதக் கடைசி வாரம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான், டார்கெட்டுக்கு இரண்டு வண்டி குறைகிற டீலர் அந்த வாரத்தில் இளகுவார். மார்ச் இறுதி இன்னும் நல்லது. ஆனால் நம் ஊருக்கென்று ஒரு நல்ல நேரம் இருக்கிறது, அது ஆடி மாதம். ஆடியில் புது வண்டி எடுக்க நம்மவர்கள் தயங்குவதால் ஷோரூம் காலியாகக் கிடக்கும். ஆவணி பிறந்ததும் கூட்டம் வரும், ஆயுத பூஜை நெருங்கினால் தள்ளுபடி கேட்கவே இடமிருக்காது. ஆடியில் விலை பேசி, அந்த விலையை எழுத்தில் வாங்கி, முன்பணம் கட்டிவிட்டு, ஆவணியில் நல்ல நாள் பார்த்து டெலிவரி எடுக்கலாம். வீட்டில் பெரியவர்களுக்கும் மனக்குறை இருக்காது.

டிசம்பரில் தள்ளுபடி அதிகம் என்பது உண்மை. ஆனால் காரணத்தையும் சேர்த்துப் பாருங்கள். டிசம்பரில் வாங்கிய வண்டி, ஒரே மாதத்தில் ‘போன வருட வண்டி’ ஆகிவிடும். நாளைக்கு விற்கும்போது ஒரு வருட மாடல் வித்தியாசம் விலையில் தெரியும். நீங்கள் அதை ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் டிசம்பர் உங்களுக்கு லாபம். மூன்று வருடத்தில் மாற்றுகிறவர் என்றால், தள்ளுபடி அந்த நஷ்டத்தை ஈடுகட்டுகிறதா என்று கணக்குப் போட வேண்டும்.

பேச்சு எப்படிப் போகும்?

போவதற்கு முன்பே மூன்று கொட்டேஷன் கையில் வேண்டும். அதே கம்பெனியின் இரண்டு டீலர்களிடம் ஒவ்வொன்று, போட்டிக் கம்பெனியிடம் ஒன்று. நாமக்கல்லில் இருப்பவர் சேலத்திலோ கரூரிலோ கேட்கலாம். பெரிய தூரமில்லை, விலை வித்தியாசம் பெட்ரோல் செலவைவிட நிறையவே இருக்கும். கொட்டேஷன் டீலரின் லெட்டர்பேடில், ஒவ்வொரு செலவும் தனித்தனியாக, கையெழுத்தோடு இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் மொத்தத் தொகை மட்டும் அனுப்பினால் அது கணக்கில் சேராது.

எதிரே உட்கார்ந்திருக்கும் விற்பனையாளருக்கு ஓர் எல்லைவரைதான் குறைக்க அதிகாரம். அந்த எல்லை வந்ததும் ‘மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்’ என்று எழுந்து போவார். உண்மையான பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. அவர் திரும்பி வரும்போது, பணக் குறைப்புக்குப் பதில் வேறு ஏதாவது சொல்வார்: இலவச ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), டீசல் கூப்பன், தார்ப்பாய், சீட் கவர். ஏஎம்சி நிஜமாகவே உங்களுக்குப் பயன்படும் என்றால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ‘பத்தாயிரம் மதிப்பு’ என்று சொல்லும் பொருள் டீலருக்குப் பத்தாயிரத்துக்கு வருவதில்லை. ‘அது வேண்டாம், அதற்குப் பாதியைப் பில்லில் குறையுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். தள்ளுபடி எதுவாக இருந்தாலும் விற்பனை பில்லிலேயே தெரிய வேண்டும். டெலிவரிக்கு அப்புறம் கணக்கில் போடுகிறோம் என்ற வாக்குறுதியை நம்பி நிற்க வேண்டாம்.

குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை. சர்வீசுக்கு அடுத்த பல வருடம் இதே இடத்துக்குத்தான் வரப்போகிறோம். ‘இதுதான் என் கையில் இருக்கும் இன்னொரு கொட்டேஷன், இதைவிட எவ்வளவு வரும் என்று சொல்லுங்கள், நாளைக்கு வருகிறேன்’ என்று சொல்லி எழுந்து வந்துவிடலாம். ‘இன்னைக்கு மட்டும்தான் இந்த விலை’ என்ற பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். மாதக் கடைசி தேதியைத் தவிர மற்ற நாட்களில் அந்த விலை பெரும்பாலும் மறுநாளும் இருக்கும்.

சேசிஸ் (பாடி கட்டாத அடிச்சட்டம்) மட்டும் வாங்கி, நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பாடி கட்டப் போகிறவர்கள் பாடிக்கான விலையை ஷோரூமோடு சேர்க்காமல் பட்டறையிலேயே தனியாகப் பேசுவது நல்லது. கட்டி முடியும்வரை வண்டி ஓடாது, தவணை ஓடும். அந்த இடைவெளிக்குத் தவணையைத் தள்ளிவைத்துத் தருவார்களா என்று கடன் கொடுப்பவரிடம் முன்பே கேளுங்கள்.

கடைசித் தொகையைக் கட்டும் முன்

முன்பணத்தை டீலரின் கம்பெனிக் கணக்குக்கு மட்டும் செலுத்தி ரசீது வாங்குங்கள். விற்பனையாளரின் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்யக் கூடாது. ‘டெலிவரி அன்றைய விலையே பொருந்தும்’ என்று புக்கிங் படிவத்தில் பொடி எழுத்தில் இருக்கும். குறிப்பிட்ட தேதிக்குள் எடுத்தால் பேசிய விலைதான் என்பதை அந்தப் படிவத்திலேயே கையால் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அப்புறம் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியை யார்டுக்குப் போய் நேரில் பாருங்கள். விற்பனைச் சான்றான ஃபாரம் 21இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். சேசிஸ் எண் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 3525 என்றால் 2025ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் தயாரானது. வண்டி ஆறேழு மாதம் வெயிலில் நின்ற பழைய ஸ்டாக் என்று தெரிந்தால், இன்னொரு வண்டி கேளுங்கள் அல்லது அதற்காகத் தனியே விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். இதைப் பணம் கட்டும் முன் கேட்டால்தான் மதிப்பு.

பில், இன்சூரன்ஸ் பாலிசி, சாலை வரி ரசீது, பதிவுக் கட்டண ரசீது ஆகிய நான்கையும் கொட்டேஷனுக்குப் பக்கத்தில் வைத்து வரி வரியாகச் சரிபாருங்கள். பதிவுக்கு 21,000 வாங்கி ரசீதுகள் 16,000க்குத்தான் வந்திருந்தால், மீதி 5,000ஐத் திருப்பிக் கேளுங்கள். மெக்கானிக்கோ நண்பரோ ‘நான் சொன்னா குறைப்பாங்க’ என்று கூட வந்திருந்தால், அவருக்கு ஷோரூம் தரும் கமிஷனும் உங்கள் தள்ளுபடியிலிருந்து போவதாக இருக்கலாம். அதை அவரிடமே முன்கூட்டி வெளிப்படையாகப் பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.